போலீஸ் ஜீப் இப்போதும் துரத்துகிறதா?

திருப்பரங்குன்றத்தில் படிக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: திரைப்படங்களில் காட்டுவதுபோலக் காவல்துறை வாகனம் குற்றவாளியின் வாகனத்தை மைல் கணக்கில் துரத்திப் பிடிப்பது நம் பக்கத்தில் உண்மையிலேயே நடந்ததுண்டா, கடந்த நாற்பது ஆண்டுகளில் அது எப்படி மாறியிருக்கிறது, கேமராவும் ஃபாஸ்டேகும் வந்துவிட்ட பிறகு துரத்தலுக்கு இன்னும் இடம் இருக்கிறதா? நான் 1984 முதல் 2017 வரை தென்மாவட்டங்களில் காவல்துறை வாகன ஓட்டுநராக இருந்தவன். மதுரையிலிருந்து பிரியும் சாலைகள் எல்லாவற்றிலும் இரவில் வண்டி ஓட்டியிருக்கிறேன். எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நடந்ததுண்டு, ஆனால் பெரும்பாலானவை பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒன்று, முன்னால் போகிறவன் வண்டியை நிறுத்திவிட்டு இருட்டில் இறங்கி ஓடுவான். அல்லது அவனுடைய வண்டி எங்கேயாவது மோதும். அல்லது நாங்கள் அவனைத் தவறவிடுவோம். வண்டிகளின் வேகம் கூடியதுதான் பெரிய மாற்றம் என்று பலரும் நினைக்கிறார்கள். வேகம் கூடியது உண்மைதான் என்றாலும், அதைவிடப் பெரிய மாற்றம் வேறொன்று. அன்று, முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு கண்ணிலிருந்து மறைந்துவிட்டால் அதன்பின் அந்த வண்டியைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய எந்த வழியும் கிடையாது. அதனால் என்ன நேர்ந்தாலும் விடாமல் ஓட்டினோம். இன்று, கண்ணிலிருந்து மறைந்த வண்டியும் எங்கேயோ ஓரிடத்தில் பதிவாகிக்கொண்டே போகிறது. துரத்துவதா, விட்டுவிடுவதா என்று நின்று யோசிக்கும் வாய்ப்பே காவலருக்கு இதனால்தான் கிடைத்தது.

மோட்டார் வாகனங்கள் பெருகுவதற்கு முன்பு, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கங்களில் மாடு களவுபோனால் குளம்படித் தடம் பார்த்துக்கொண்டே ஊர் ஊராகப் பின்தொடர்ந்தார்கள் என்றும், தடம் கல்லுத்தரையில் மறைந்துவிட்டால் துப்புக்கூலி, அதாவது துப்புச் சொல்பவருக்குப் பணம், கொடுத்து மாட்டை மீட்டார்கள் என்றும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தடம் அழிந்தால் வழி அடைபட்டது. நான் பணியில் சேர்ந்த காலத்திலும் நிலைமை அதுவேதான். குளம்படிக்குப் பதிலாகப் பின்விளக்கு இருந்தது, அவ்வளவுதான்.

அப்போது நிலையங்களில் இருந்தது தார்ப்பாய்க் கூரை போட்ட மகிந்திரா ஜீப். போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் வழியில் வந்த வண்டி அது. எங்களிடம் இருந்தவற்றில் பீஜோ டீசல் இஞ்சின் பூட்டியிருந்தார்கள். மேடு பள்ளம், ஆற்று மணல், கண்மாய்க் கரை எதிலும் அது ஏறி இறங்கும். ஆனால் தார்ச்சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டினால் கூரை படபடவென்று அடிக்கத் தொடங்கும். ஸ்டீயரிங்கில் இருக்கும் பிளே, அதாவது தளர்வு, காரணமாகச் சக்கரத்தை ஓயாமல் இடமும் வலமுமாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். பின்னால் இருக்கும் காவலர்கள் கூரைக் குழாயை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வருவார்கள். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தி மிதித்துவிட்டால் டிரம் சூடேறி, மூன்றாவது முறை பெடல் ஆழமாக இறங்கும், வண்டி நிற்காது. ஆகவே, துரத்தும்போது எத்தனை முறை பிரேக் மிதித்தோம் என்பதை மனத்துக்குள் எண்ணிக்கொண்டேதான் ஓட்டுவோம். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்த ஏட்டு முதல் நாளே சொன்னது: "முன்னால போற வண்டியைப் பார்க்காதே, அது போற ரோட்டைப் பாரு." முன்வண்டியின் விளக்கிலேயே கண் ஒட்டிக்கொண்டால், அது பள்ளத்தில் இறங்கும்போது நாமும் சேர்ந்து இறங்குவோம்.

கடத்தல்காரர்களின் வண்டி எங்களுடையதைவிடப் பெரும்பாலும் நன்றாக இருக்கும். அவர்கள் விரும்பியது அம்பாசடர். எடை மிகுந்த வண்டி என்பதால் சாலையைப் பிடித்து ஓடும். டிக்கியில் எவ்வளவு ஏற்றினாலும் பின்பக்கம் தாழாமல் இருக்க, ஸ்பிரிங்கில் கூடுதலாகப் பட்டைகள் போட்டிருப்பார்கள். அதே பட்டைதான் அவர்களைக் காட்டியும் கொடுக்கும். சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது வண்டியின் பின்புறம் தூக்கிக்கொண்டு நிற்கும். வாகனத் தணிக்கையில் அனுபவமுள்ள ஏட்டு எண்ணைப் பார்ப்பதற்கு முன் வண்டியின் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்.

சாலையும் இப்போது இருப்பதுபோல் இல்லை. இருபுறமும் புளியமரங்கள் நின்ற இருவழிச் சாலை. விளக்கில்லாமல் கரும்பு ஏற்றிச் செல்லும் மாட்டு வண்டிகள். அறுவடைக் காலத்தில் சாலையையே களமாக்கிச் சோளக் கதிரையும் கம்பையும் பரப்பிவைத்திருப்பார்கள். அதன்மேல் பிரேக் போட்டால் எண்ணெய்மேல் போட்டது போலத்தான். ரயில்வே கேட் மூடியிருந்ததால் மட்டுமே பிடிபட்டவர்கள் எத்தனையோ பேர். துரத்தும் வண்டிக்கும் ஓடும் வண்டிக்கும் கேட் ஒன்றேதான் என்பதால், அவன் தாண்டியபின் மூடிக்கொண்டு எங்களை நிறுத்திய இரவுகளும் உண்டு.

இந்தக் காலத்தில் எங்களிடம் இருந்த உண்மையான ஆயுதம் வயர்லெஸ். காவல்துறையில் அதை 'மைக்' என்றே சொல்வோம். ஓட்டுநர் மைக்கைத் தொடக்கூடாது. பக்கத்தில் இருப்பவர் பேச வேண்டும். பேசுவதற்கும் ஒரு வரிசை வைத்திருந்தோம்: முதலில் நாங்கள் இருக்கும் இடம், பிறகு வண்டி போகும் திசை, பிறகு வண்டியின் வகையும் நிறமும், எண் தெரிந்தால் அதன் கடைசி நான்கு இலக்கம். பாதியில் தொடர்பு அறுந்தாலும் இடமும் திசையும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வரிசை. செய்தி கேட்ட அடுத்த நிலையத்தார், மணல் நிரப்பிய தார் டிரம்களைச் சாலையில் உருட்டிவைத்து வழியை ஒடுக்குவார்கள். ஆக, வண்டியைப் பிடித்தது பெரும்பாலும் பின்னால் போன ஜீப் இல்லை. முன்னால் காத்திருந்த டிரம்தான்.

ஆனால் மைக்குக்கு மலை ஆகாது. அந்த அலைவரிசை ஏறக்குறைய நேர்கோட்டில் பாய்வது. இடையில் குன்று நின்றால் அதன் மறைவில் செய்தி விழாது. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிப்பட்டிக் கணவாயில் நுழைந்ததும் மைக்கில் வெறும் இரைச்சல் மட்டுமே கேட்ட இரவுகளை மறக்க முடியாது. அந்தச் சில கிலோமீட்டருக்கு நாங்கள் யாரிடமும் எதையும் சொல்ல முடியாது. கணவாய்க்கு அப்பால் இருப்பவர்களுக்கு, ஒரு வண்டி வருகிறது என்பதே தெரியாது. மாவட்ட எல்லையும் ஏறக்குறைய ஒரு மலைதான். அடுத்த மாவட்டத்தின் அலைவரிசை வேறு என்பதால், எங்கள் கட்டுப்பாட்டு அறை செய்தியை எழுதிக்கொண்டு, அங்குள்ள கட்டுப்பாட்டு அறைக்குத் தொலைபேசியில் சொல்லி, அவர்கள் தங்கள் நிலையங்களுக்கு அறிவிப்பதற்குள் ஓடும் வண்டி இரண்டு ஊர்களைக் கடந்திருக்கும். மாநகரக் காவல் தனி ஆணையரகமாகப் பிரிந்தபின் மதுரைக்குள்ளேயே இப்படி ஓர் எல்லை ஏற்பட்டது. சட்டத்தில் தடையேதும் கிடையாது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க ஒருவரைப் பிடிப்பதற்காகக் காவல் அலுவலர் இந்தியாவின் எந்தப் பகுதிக்குள்ளும் பின்தொடர்ந்து போகலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 45ஆம் பிரிவாக இருக்கிறது. சட்டம் எல்லை தாண்டவிட்டது. செய்திதான் எல்லையில் நின்றது.

வெளிநாட்டிலும் செய்தி நடந்த பாதை இதுவேதான். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் காவல்துறை 1928இல் ரோந்துக் கார்களில் வானொலி வைத்தபோது, காவலர் கேட்க மட்டுமே முடிந்தது, பதில் பேச முடியாது. நியூஜெர்சியின் பேயோன் நகரில் 1933இல்தான் இருபுறமும் பேசும் கருவி வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை 1956இலேயே ஹெலிகாப்டரைப் பயன்படுத்தத் தொடங்கியது. 1994 ஜூன் 17 அன்று ஓ.ஜே. சிம்ப்சன் வெள்ளை ஃபோர்டு பிராங்கோவில் போனதையும் அவருக்குப் பின்னால் காவல் கார்கள் அணிவகுத்ததையும் கோடிக்கணக்கானவர்கள் நேரலையில் பார்த்தார்கள். துரத்தல் என்றாலே நம் இளைஞர்களின் மனத்தில் எழும் படம் பெரும்பாலும் அங்கிருந்து வந்ததுதான். அங்குள்ள அகலமான சாலைகளில், ஓடும் காரின் பின்பக்க ஓரத்தில் காவல் காரை உரசித் தள்ளிச் சுழலவிடும் முறையும் உண்டு. ஆட்களும் ஆடுகளும் குறுக்கே வரும் நம் சாலையில், அதுவும் உயரமான ஜீப்பை வைத்துக்கொண்டு, அதைச் செய்ய நினைப்பதே தவறு.

1985இல் யமஹா ஆர்எக்ஸ் 100 வந்தது நகருக்குள் எங்கள் வேலையைத் தலைகீழாக்கியது. நூறு கிலோவை ஒட்டிய எடை, கைப்பிடியைத் திருகியவுடன் பாயும் இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சின். எங்களிடம் இருந்ததோ புல்லட். நீண்ட சாலையில் புல்லட்டுக்கு நிகரில்லை. ஆனால் மாசி வீதியிலிருந்து ஒரு சந்துக்குள் நுழைந்து ஆவணி மூல வீதியில் வெளிவந்து மறுபடி இன்னொரு சந்துக்குள் புகும் வண்டியை அதில் போய்ப் பிடிக்க முடியாது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள் அமைந்த ஊரில் துரத்துவதைவிட, நான்கு முனைகளிலும் ஆள் நிறுத்துவதே பலன் தந்தது. சங்கிலி பறிப்பவர்கள் ஆற்றைத் தாண்டத்தான் பார்ப்பார்கள் என்பதால், முதல் செய்தி பாலங்களுக்குத்தான் போகும்.

இனி எழுதப்போவதை எழுத எனக்கு இப்போதும் தயக்கமாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் மற்றவற்றைச் சொல்வது நேர்மை ஆகாது. 1991 மார்கழியில், விடியற்காலை நான்கு மணியளவில், ரேஷன் அரிசி ஏற்றிக்கொண்டு மேற்கே போன மேட்டடார் வேன் ஒன்றைத் துரத்தினோம். பனி இறங்கியிருந்தது. என்னுடைய ஜீப் அதற்கு ஐம்பது அடி பின்னால். பின்விளக்கு மறையக்கூடாது என்பது ஒன்றே மனத்தில். விடாமல் போகச் சொல்லி மைக்கில் உத்தரவும் வந்துகொண்டிருந்தது. ஒரு வளைவில் வேன் சாலையை விட்டு இறங்கி ஏறியது. அதன் விளக்கில் ஒரு சைக்கிளும் இருபுறமும் தொங்கிய பால்கேன்களும் ஒரு நொடி தெரிந்தன. பிறகு கேன் ஒன்று சாலையில் உருண்டு என் முன்சக்கரத்துக்கு வந்தது. நான் நிறுத்திவிட்டேன். பால் தார்ச்சாலையில் பரவி, ஜீப்பின் முகப்பு விளக்கில் வெள்ளையாகத் தெரிந்தது. சைக்கிளில் வந்த பால்காரர் உயிர் பிழைத்தார்; வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. வேன் இரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்றது, ஓட்டியவன் தப்பிவிட்டான். உள்ளே இருந்தது 22 மூட்டை அரிசி. அந்த அரிசியை அன்றைக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் அதே சாலையில் பிடித்திருக்கலாம். இடித்தது என் வண்டி அல்ல என்று எல்லோரும் சொன்னார்கள். நான் பின்னால் போகாமல் இருந்திருந்தால் அந்த வேன் அந்த வளைவில் அந்த வேகத்தில் போயிருக்காது என்பது எனக்குத் தெரியும்.

இது நமக்கு மட்டும் நேர்வதல்ல. அமெரிக்க நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு வெளியிட்ட கணக்கின்படி, 1996 முதல் 2015 வரை காவல் துரத்தலோடு தொடர்புடைய விபத்துகளில் அங்கு ஆண்டுக்குச் சராசரியாக 355 பேர் இறந்திருக்கிறார்கள். ஏறக்குறைய நாளுக்கு ஒருவர். ஓடியவர்கள் மட்டுமே அல்லர். வழியில் போனவர்களும் அவர்களில் உண்டு. இதனால்தான் பல நகரங்களில், கொலை, கொள்ளை போன்ற வன்முறைக் குற்றம் இல்லாவிட்டால் துரத்தக்கூடாது என்று விதி வகுத்தார்கள். பிரிட்டனில் இதற்கென்று பயிற்சி பெற்ற ஓட்டுநர் வேண்டும். துரத்தலை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு உண்டு. அந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். வண்டி ஓட்டுபவனுக்கு அந்த நேரத்தில் ரத்தம் சூடேறியிருக்கும். நிறுத்து என்று சொல்ல, சாலையில் இல்லாத ஒருவர் வேண்டும்.

நம் மாநிலத்தில் இந்தப் பேச்சு பெரிதாக எழுந்தது 2018 மார்ச்சில். திருச்சி துவாக்குடி அருகே தலைக்கவசச் சோதனையில் நிற்காமல் சென்ற தம்பதியை ஆய்வாளர் ஒருவர் துரத்திச் சென்று அவர்களுடைய இருசக்கர வாகனத்தை உதைத்ததில், கீழே விழுந்த அந்தப் பெண் இறந்துபோனார். ஆய்வாளர் கைது செய்யப்பட்டார். தலைக்கவசம் அணியாததற்குச் சட்டம் விதிப்பது அபராதம். வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தால் அந்த அபராதத்தை வீட்டுக்கே அனுப்பியிருக்கலாம். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவருக்குக் கைதின்போது மரணம் விளைவிக்கும் உரிமை காவலருக்கு இல்லை என்று சட்டம் தெளிவாகவே சொல்கிறது. பழைய சட்டத்தில் 46ஆம் பிரிவு, இப்போது 43ஆம் பிரிவு.

நான்கு வழிச்சாலையும் பொலேரோவும் வந்த காலத்தில் துரத்தல் முன்னைவிட ஆபத்தானது என்பதே என் அனுபவம். முன்பு எழுபதில் ஆடிய வண்டி இப்போது நூறில் ஆடாமல் போகிறது. ஆனால் நடுத்திட்டின் இடைவெளியில் திரும்பும் டிராக்டரும் எதிர்த்திசையில் ஓரமாக வரும் ஸ்கூட்டரும் அதே வேகத்தில்தான் இருக்கின்றன. அதே சாலை காவல்துறைக்கு ஒரு பெரிய நன்மையையும் செய்தது. மதுரையைச் சுற்றிச் சுங்கச்சாவடிகள் அமைந்தன: தெற்கே கப்பலூர், தூத்துக்குடிச் சாலையில் எலியார்பத்தி, திருச்சி செல்லும் வழியில் சிட்டம்பட்டி, திண்டுக்கல் பக்கம் கொடைரோடு, இராமநாதபுரம் வழியில் திருப்பாச்சேத்தி. ஒவ்வொன்றும் ஒரு வாசல். 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டேக் கட்டாயமானபின், எந்த வண்டி எந்த வாசலை எத்தனை மணிக்குக் கடந்தது என்பது தானே பதிவாகிறது. அதோடு எண் தகட்டைப் படிக்கும் கேமராக்கள், கைப்பேசிக் கோபுரப் பதிவுகள், எண்ணைச் சொன்னால் உரிமையாளர் விவரத்தைக் காட்டும் வாகன் தரவுத்தளம், 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புது வண்டிகளில் எளிதில் கழற்ற முடியாத உயர் பாதுகாப்பு எண் தகடு எல்லாம் சேர்ந்துகொண்டன. ஓடுகிறவர்களும் பேசாமல் இருக்கவில்லை. போலி எண் தகடு மாட்டுகிறார்கள், திருடிய பைக்கில் வருகிறார்கள், சுங்கச்சாவடியைச் சுற்றிக்கொண்டு போகும் ஊர்ச்சாலைகளில் இறங்கிவிடுகிறார்கள்.

இந்தப் புதிய காலத்துத் துரத்தல் எப்படி இருக்கும் என்பதற்கு 2024 செப்டம்பர் 27 அன்று நாமக்கல் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்லலாம். திருச்சூரில் அதிகாலையில் மூன்று ஏடிஎம்களை உடைத்துப் பணம் எடுத்த கும்பல், வந்த காரையே ஒரு கண்டெய்னர் லாரிக்குள் ஏற்றிக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் வந்தது. கேமராவில் தேடப்படுவது கார். சாலையில் போவதோ சாதாரண லாரி. எண் தகட்டை நம்பிய முறைக்கு அவர்கள் கண்ட மாற்று இது. கேரளத்திலிருந்து எச்சரிக்கை வந்திருந்ததால் நாமக்கல் காவலர்கள் வாகனத் தணிக்கையில் இருந்தார்கள். நிற்காமல் வாகனங்களை இடித்துக்கொண்டு போன லாரியைத் துரத்தி மடக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார், ஒருவர் காயமடைந்தார், மற்றவர்கள் பிடிபட்டார்கள். செய்தி மாநில எல்லையைத் தாண்டிச் சில மணி நேரத்துக்குள் சாலையில் நின்ற காவலரை வந்தடைந்தது என்பதுதான் இதில் நான் கவனிப்பது. எங்கள் காலத்தில் அந்த லாரி சேலத்தைத் தாண்டியபின்தான் எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பணி ஓய்வுக்கு முந்தைய ஆண்டில் எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். சுற்றுச்சாலைப் பக்கம் ஒரு பெண்ணின் சங்கிலியைப் பறித்துக்கொண்டு இரண்டு பேர் பைக்கில் போனார்கள். எங்கள் ஜீப் சரியாக எதிரில் இருந்தது, திருப்பினேன். மாலை நேரம், பள்ளி விட்டுப் பிள்ளைகள் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த சார்பு ஆய்வாளர் இளைஞர். என் கையைத் தொட்டு, "அண்ணே, விட்டுருங்க, கேமராவுல பார்த்துக்கலாம்" என்றார். வழியில் இருந்த கடைகளின் கேமராக்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டே போனோம். மூன்றாம் நாள் ஒரு வீட்டு வாசலில் அந்த பைக் நின்றது. சைலன்சரைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. அந்தச் சார்பு ஆய்வாளரின் வயதில் என் பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்திருக்கக்கூடாதா என்று அன்று நினைத்தேன்.

ஆகவே, துரத்தலுக்கு இன்னும் இடம் இருக்கிறதா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு, இருக்கிறது என்றே சொல்வேன். ஆனால் அந்த இடம் குறுகியது. காருக்குள் கடத்தப்பட்ட ஒருவர் இருக்கும்போதும், ஓடும் வாகனமே சாலையில் இருப்பவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போகும்போதும், நாளை கேமராவில் பார்த்துக்கொள்ளலாம் என்று நிற்க முடியாது. கேமரா இல்லாத கண்மாய்க்கரைப் பாதையிலும், போடி மெட்டு, கம்பம் மெட்டு, குமுளி போன்ற மலைச்சாலைகளிலும் பின்னால் போகிறவரின் கண்ணை விட்டால் வேறு வழி இல்லாத நேரங்களும் உண்டு. அப்படி ஒரு வண்டி சைரனோடு உங்களுக்குப் பின்னால் வந்தால், பதறி நடுச்சாலையில் பிரேக் போடாதீர்கள். வேகத்தை மெல்லக் குறைத்து இடப்பக்கம் ஒதுங்கி, இரண்டு வண்டிகளும் கடக்கும்வரை நில்லுங்கள். முதல் வண்டி போனதும் சாலையில் ஏறிவிடக்கூடாது, பின்னால் ஜீப் வந்துகொண்டிருக்கும். கைப்பேசியில் படம் எடுக்க பைக்கில் பின்தொடரவும் வேண்டாம். எண்ணைப் பார்த்தீர்களானால் அதன் கடைசி நான்கு இலக்கத்தையும் வண்டி திரும்பிய திசையையும் 100 அல்லது 112க்கு அழைத்துச் சொல்லுங்கள். திசையை முதலில் சொல்லுங்கள்.